ஜெயப்பூர் மலைநாட்டின் நெல்

1936-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் ஜெயப்பூர் மலைநாடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது என்பதை இன்று நினைவிற் கொண்டிருப்போர் மிகச் சிலரே. இராஜஸ்தானத்து ஜெய்ப்பூரை நாம் கூறவில்லை. அங்கே அரண்மனைகளைக் காணச் செல்வோர் ஆயிரக்கணக்கானோர். நாம் கூறும் ஜெயப்பூர் விசாகப்பட்டினம் ஜில்லாவின் மலைப்பகுதியில் பரந்து கிடந்த பெரியதொரு ஜமீன். ஒரிஸ்ஸா தனி மாகாணமாக அமைந்த அந்நாளில் அது கோராபுட் ஜில்லா என்னும் பெயருடன் புதிய மாகாணத்திற்குச் சென்றது. 1992-இல் அந்த ஜில்லா நான்காகப் பிரிக்கப்பட்டது. 2011-இல் மாநிலத்தின் பெயரே ஒடிசா என மாறிற்று. கல்கத்தாவிலும் ரூர்கேலாவிலும் புவனேசுவரத்திலும் குடியேறி வாழும் தமிழன்பர்கள் விசாகப்பட்டின வழியாக ஊருக்குப் போய்வருங்கால், வண்டியின் மேற்குப் புறத்தே நீல நிறமாகத் தோன்றும் மலைத்தொடரைக் கண்டிருப்பார்கள். அம்மலைகளுக்கு அப்பால் இருப்பதே இந்நாடு. நெற்பயிரின் வரலாற்றில் இதற்குள்ள இடம் பெரிது. ஆனால் அதனை அறிந்தோர் தொகை சிறிது.

கிழக்கு மலைத்தொடரின் மேல் அமைந்த இப்பீடபூமியில் நிலம் ஒரே மட்டமாக இல்லை. மலைச்சரிவின் உச்சியில் காட்டை வெட்டி எரித்து விதைக்கும் புனக்காடு. அதனை ‘பொடு’ என்பர். அதற்குக் கீழே மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலம். அதற்கும் கீழே வரப்புக் கட்டிய நடுத்தர நிலம். எல்லாவற்றிற்கும் அடியில், இரு குன்றுகளுக்கிடையே ஓடும் ஓடையையே படிப்படியாக வரப்பிட்டு வயலாக்கிய ‘ஜோலா’ என்னும் தாழ்நிலம். மேட்டு நிலத்து ஈரம் சில வாரங்களில் வற்றிவிடும். ஜோலாவிலோ மழைக்காலம் கழிந்த பின்பும் நீர் கசிந்துகொண்டேயிருக்கும். ஒரே குடியானவனுக்கு இந்நான்கு வகை நிலத்திலும் துண்டு துண்டாகப் பங்கு இருக்கலாம். அவனுக்கு ஒரு நெல் போதாது. மேட்டிற்குக் குறுகிய காலத்தில் விளைவது ஒன்று, தாழ்நிலத்திற்கு நீண்ட காலம் நின்று விளைவது மற்றொன்று, மழை பிந்தினால் விதைக்க இன்னொன்று வேண்டும். இவற்றோடு விருந்துக்கும் தெய்வத்திற்கும் மணமுள்ளதொரு நெல்லும் வேண்டும். பன்மை இங்கே அழகுக்காகத் தோன்றியதன்று. தேவையின் பொருட்டு உண்டானது.

பரஜர், கதபர், பூமியா, சவரர், கோந்தர் முதலிய பழங்குடி மக்களே இந்நிலத்தை வயலாக்கியவர்கள். அவர்கள் தம் நெல்லுக்கு இட்டு வழங்கும் பெயர்களைக் கேளுங்கள்: காலாஜீரா, மச்சகண்டா, ஹலதிசூடி. முதலாவது கருஞ்சீரகம் போன்ற நிறமும் உருவமும் உடைய வாசனை நெல், இரண்டாவது மீன்முள், மூன்றாவதன் பெயரிலேயே மஞ்சள் இருக்கிறது. நம் நாட்டில் மாப்பிள்ளைச் சம்பா என்றும் குடவாழை என்றும் பெயரிட்டவர்களுக்கு இவர்கள் உறவினர் என்றே தோன்றுகிறது. விதையைத் தேர்ந்தெடுப்பது அங்கே பெரும்பாலும் பெண்களின் வேலை. அறுவடைக்கு முன்னரே வயலில் நடந்து, திரண்ட கதிரைத் தனியே கொய்து, உலர்த்தி, வைக்கோற் புரியால் இறுகச் சுற்றி வைப்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் விதைக்கோட்டை கட்டியதைக் கண்ட முதியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நெல் வயல்களின் ஓரத்திலும் குட்டைகளிலும் காட்டு நெல்லும் தானே முளைக்கிறது. அதன் மகரந்தம் சிற்சில வேளைகளில் பயிர் நெல்லோடு கலந்து புதிய வடிவங்களைத் தோற்றுவிக்கிறது. அவற்றுள் நல்லதென்று கண்டதைப் பெண்கள் எடுத்து வைத்தார்கள். இப்படியே பல நூற்றாண்டுகள் நடந்தமையால், பயிர் நெல் வேறு பல வடிவங்களாகக் கிளைத்த இடங்களுள் ஜெயப்பூர் நாடும் ஒன்று என்னும் கருத்தை, கே. இராமையாவும் ஆர். எல். எம். கோஷும் 1951-இல் வெளியிட்டார்கள்.

இந்த இராமையா யார்? கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல்லின் மரபியலை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அந்நிலையம் 1912-இல் தோன்றியது; ஜி.இ.பி. 24 என்று அரசினர் ஏட்டிலும் கிச்சிலிச் சம்பா என்று குடியானவர் வாயிலும் வழங்கிய புகழ் பெற்ற நெல் அங்கிருந்து 1921-இல் வெளிவந்தது. அவர் கட்டாக் நகரத்திற்குச் சென்ற காரணத்தை அறிய வேண்டுமாயின், வங்காளத்தின் பெருந்துயரத்தை நினைவுகூர வேண்டும்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிபூர்க் கரையைப் பெரும் புயல் தாக்கியது. கடலோரப் பகுதிகளில் பகைவர் கைக்குப் போகாதிருக்க வேண்டுமென்று அரசினர் நெல்லையும் படகுகளையும் அகற்றினர். இவற்றோடு, அதே பருவத்தில் விடாத மேகமூட்டமும் மழையும் கூடியிருந்த வயல்களில் செம்புள்ளி நோய் என்னும் பூஞ்சண நோய் பரவிற்று. 1943-இல் வந்த பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என்று பிற்கால ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அவ்வாண்டு அக்டோபரில் பயிர்நோய் ஆய்வாளராகப் பணியேற்க வங்காளம் சென்றவர் எஸ். ஒய். பத்மநாபன். வழி நெடுகப் பட்டினியால் இறந்தவர்களையும் இறந்துகொண்டிருந்தவர்களையும் அவர் கண்டார். சின்சுரா, பாங்குரா நிலையங்களின் கணக்குகளைக் கொண்டு, 1942-இல் பல நெல் வகைகளின் விளைவு நூற்றுக்கு 40 முதல் 90 வரை குறைந்தது என்று அவர் 1973-இல் எழுதினார்.

அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் காட்டினார். நாட்டில் இருந்த உணவின் மொத்த அளவு அத்துணைக் குறையவில்லை, விலை ஏறியது, நிலமற்ற கூலியாட்களும் மீனவரும் கைத்தொழிலாளரும் வாங்கும் வலியிழந்தனர், ஆதலின் மாண்டனர் என்பது அவர் வாதம். இவ்விரண்டில் ஒன்றையே கொண்டு மற்றதைத் தள்ள வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை. நோய் வயலை அழிக்கலாம்; எவன் பட்டினி கிடப்பான் என்பதை முடிவு செய்வது சந்தையும் அரசும். கோராபுட்டின் பிற்காலக் கதைக்கும் இது பொருந்துவதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

பஞ்சத்தின் பின் இந்திய அரசு நெல்லுக்கென ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையத்தை 1946-இல் கட்டாக்கில் நிறுவிற்று. இராமையா அதன் முதல் இயக்குநர். பத்மநாபனும் பிற்காலத்தில் அந்நிலையத்தின் தலைமைப் பதவி வகித்தார். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1954-இல் சில காலம் அங்குப் பணிபுரிந்தார். ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் கலப்பினம் செய்யும் பெரு முயற்சி அப்பொழுது அங்கே நடந்துகொண்டிருந்தது. ஜப்பானிய நோரின் 10-உம் நம் ஜி.இ.பி. 24-உம் சேர்ந்து பிறந்த ஆடுதுறை 27, 1965-இல் தஞ்சைக் குறுவைப் பட்டத்திற்கு வந்தது. மலேயாவின் மசூரி நெல்லும் அம்முயற்சியின் பிள்ளையே.

அந்நிலையத்தார் செய்த மற்றொரு வேலைதான் நம் கதைக்கு உயிர். 1955 முதல் சில ஆண்டுகள் எஸ். கோவிந்தசாமியும் ஏ. கிருஷ்ணமூர்த்தியும் ஜெயப்பூர் நாட்டில் ஊர் ஊராகச் சென்று நெல் வகைகளைத் திரட்டினார்கள். சாலை வசதி குறைந்த மலையில் அவர்கள் சேர்த்தவை 1,700-க்கு மேற்பட்டவை! அவர்கள் அன்று போகாதிருந்தால், அந்நாட்டில் என்ன இருந்தது என்பதற்கே சாட்சி இராது. நாற்பது ஆண்டுகள் சென்று 1990-களில் மீண்டும் தேடியவர்களுக்கு வயல்களில் கிடைத்தவை சில நூறே.

இடையில் நடந்தது யாவர்க்கும் தெரிந்ததே. தாய்ச்சுங் நேட்டிவ் 1, அதனையடுத்து 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 முதலிய குட்டை நெல்கள் வந்தன. உரமிட்டாலும் சாயாமல் நின்று மிகுந்த விளைவு தந்தன. கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கியிருந்த நாட்டிற்கு அது பெரிய விடுதலை. அதனை இன்று எளிதாகப் பழிப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் இந்நெல்கள் பலவற்றின் குட்டைத் தன்மை டீ-ஜியோ-வூ-ஜென் என்னும் ஒரே சீன நெல்லிலிருந்து வந்தது. கட்டாக் நிலையத்தின் இயக்குநராயிருந்த ஆர். எச். ரிச்சாரியா இவற்றை அவசரமாகப் பரப்பினால் நோயும் உடன் பரவும் என்று எதிர்த்தார், பதவியை இழந்தார். பின்னர் ராய்ப்பூர் சென்று சத்தீஸ்கர் நாட்டின் நெல் வகைகளைப் பல்லாயிரக் கணக்கில் சேர்த்தார்.

நோய் பரவத்தான் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் புகையான் பூச்சியால் பரவும் ஒரு வைரஸ் நோய், ஆசியாவின் பல நாடுகளில் பயிரைப் புற்குத்துப் போலாக்கிக் கதிரின்றி அழித்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்தது. எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று. அது உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். அதன் குணம் ஏற்றப்பட்ட ஐ.ஆர். 36, 1976-க்குப் பின் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிராயிற்று. உண்ணத் தகாத களையென்று குடியானவன் பிடுங்கி எறிவது அது!

ஒடிசாவிலிருந்தே வந்த எடுத்துக்காட்டும் உண்டு. மகாநதி வெள்ளத்தில் மூழ்கியும் அழுகாத தால்புட்டியா என்னும் நாட்டு நெல்லிலிருந்து கட்டாக்கில் எப்.ஆர். 13-ஏ என்ற வகையைப் பொறுக்கி எடுத்தனர். விளைவு குறைவு, அதனால் நெடுங்காலம் அலமாரியிலே கிடந்தது. அதன் மூழ்கித் தாங்கும் மரபணு எதுவென்பது 2006-இல் வெளியாயிற்று. அதனை ஸ்வர்ணா நெல்லில் சேர்த்து ஆக்கிய ஸ்வர்ணா சப்-1, 2009-இல் இந்தியக் குடியானவர் கைக்கு வந்தது. இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கினாலும் அது மீண்டும் துளிர்க்கிறது. கல்கத்தாவிலோ புவனேசுவரத்திலோ நீங்கள் வாங்கும் ஸ்வர்ணா அரிசியில் ஒரு கைப்பிடி அவ்வகையாக இருக்கக்கூடும்.

இத்துணைச் செல்வத்தைக் காத்தவர்கள் செல்வராயினரா? இல்லை. கோராபுட்டும் கலஹண்டியும் பலாங்கீரும் பட்டினிக்குப் பெயர் போனவையாயின. பழைய கோராபுட்டைச் சேர்ந்த காசிப்பூரில் 2001-இல் மாங்கொட்டைப் பருப்பை உண்டு ஏழைகள் சிலர் இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. காடு சுருங்கிற்று, அணைகளும் ஆலைகளும் சுரங்கங்களும் நிலத்தை எடுத்துக்கொண்டன, கடன் கொடுத்தவன் விளைவை எடுத்துக்கொண்டான். விதை நூறு வகை இருந்தும் அடுப்பு எரியாத வீட்டைப் பன்மை மட்டும் காப்பாற்றாது. அமர்த்தியா சென் சொன்னது இங்கேயும் நின்று பேசுகிறது.

மலைமக்களின் உணவு நெல் மட்டுமன்று. மேட்டு நிலத்தில் கேழ்வரகு, சாமை, தினை, துவரை, பேயெள்ளு ஆகியவற்றைக் கலந்து விதைப்பார்கள். மழை ஒன்றைக் கெடுத்தாலும் மற்றொன்று நிற்கும். அவர்களுடைய ‘மாண்டியா பேஜ்’ நம் கேழ்வரகுக் கூழே. மலிவு விலை ரேஷன் அரிசி வந்தபின் பசி குறைந்தது, உண்மை, கூழும் குறைந்தது. 2017-இல் மாநில அரசு சிறுதானிய இயக்கம் தொடங்கிக் கேழ்வரகைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்யலாயிற்று. அதன் பின்பே பலர் மேட்டு நிலத்திற்குத் திரும்பினர்.

2001-இல் நிறைவேறிய பயிர் வகைப் பாதுகாப்புச் சட்டம், குடியானவன் தன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றவும் விற்கவும் உரிமையுடையவன் என்று கூறுகிறது. தன் வகையைத் தன் பெயரிலேயே பதியவும் இடந்தருகிறது. கோராபுட்டின் வேளாண் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் உலகப் பாரம்பரியச் சிறப்புடையதென 2012-இல் ஏற்றது. ஜெயப்பூருக்கு அருகேயுள்ள பத்ராபுட் கிராமத்துப் பழங்குடிப் பெண்மணி கமலா பூஜாரி, நூற்றுக்கு மேற்பட்ட நெல் வகைகளைக் காத்து, அண்டை ஊராருக்கு விதை கொடுத்தும் வாங்கியும் வந்தவர். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 ஜூலையில் மறைந்தார்.

அவ்வாண்டு தொடக்கத்தில் கோராபுட் காலாஜீரா அரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உயரமாக வளர்ந்து சாயும் இயல்புடையது அந்நெல். வயலில் நிற்கும் காலமும் மிகுதி. விளைவோ குட்டை நெல்லுக்கு ஈடாகாது. நல்ல விலை கிடைத்தால்தான் குடியானவன் ஜோலா வயலில் அதற்கு இடம் கொடுப்பான். கிடைக்காத ஆண்டில் அதே வயலில் வேறு நெல்லை நடுவான். வீட்டிற்கும் விருந்திற்கும் வேண்டிய அளவு விதையை மட்டும் வைக்கோற் புரியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டுவைப்பான்.