ஈறுநோயும் கொப்பளிநீரும்

ஈறுநோய்க்குரிய கொப்பளிநீர், மூலிகைக் கஷாயம் என்றும் மருந்துக்கடையில் விற்கும் இரசாயனத் திரவம் என்றும் இருவகைப்படும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஏரிக்கரைகளில் வளரும் கருவேலமரத்தின் பட்டை, முன்னதற்குரிய பிரதான சரக்குகளுள் ஒன்று. ஆலோடு சேர்த்துப் பழமொழி போற்றும் வேல் இதுவேயன்றி, பலர் கருதுவதுபோல வேம்பும் அன்று, பிற்காலத்தில் வந்து தரிசெல்லாம் மண்டிய சீமைக்கருவேலும் அன்று. பட்டையை இடித்துக் கடுக்காய்த்தோலும் சிறிது உப்பும் கூட்டிக் காய்ச்சினால் செம்பழுப்பான நீர் இறங்கும். வாயிலிட்ட மாத்திரத்தில் கன்னத்தைச் சுருக்கிப் பிடிக்கும் அதன் துவர்ப்பு, டானின் என்னும் பொருளின் காரியமாகும்.

இரசாயன வகையில் தலைமையானது, 1950-களில் இங்கிலாந்தில் உருவான குளோர்ஹெக்சிடின். பற்படலம் சேர்வதை இது தடுக்கும் என்பதை 1970-இல் லோ, ஷியோட் என்னும் இருவர் டென்மார்க்கில் நிரூபித்தனர். 0.2 சதவீதத் திரவம் 10 மில்லி, நாளைக்கு இருமுறை, ஒரு நிமிஷம் என்பது வழக்கமான அளவு. நீடித்துப் பயன்படுத்தினால் சுவை மாறும். பல்லில் பழுப்புக் கறை படிந்து, வெற்றிலையே தொடாதவரையும் வெற்றிலைப் பிரியராகக் காட்டிவிடும்.

மூலிகை நீர்கள் குளோர்ஹெக்சிடினுக்கு நிகரென்று கூறும் ஆராய்ச்சிகள் சில உண்டெனினும், அவற்றுட் பல சிலரை வைத்துச் சில வாரங்களே நடந்தவை. வீட்டுக் கஷாயத்தின் வீரியமும் ஒவ்வொரு காய்ச்சலிலும் வேறுபடும். பல்லில் இறுகிய காரையை இவ்விருவகை நீர்களும் கரைக்கமாட்டா. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே ஆழ்ந்த பையினுள்ளும் நன்கு சென்று சேரமாட்டா. அங்கே பல் வைத்தியரின் சுரண்டு கருவியே புகவேண்டும்.