பனியிற் சறுக்கிய வண்டியும் காப்புறுதிச் சட்டமும்



உறைபனி படர்ந்த வீதியொன்றில் மோட்டார் வண்டி ஒன்று மெல்லச் செல்கின்றது. முன்னே நிற்கும் வண்டியைக் கண்ட சாரதி பிறேக்கை அழுத்துகின்றார். சில்லுகள் நின்றுவிடுகின்றன, வண்டியோ நிற்கவில்லை. முன்வண்டியின் பின்புறம் நசுங்குகின்றது. அதனுள் இருந்தவருக்குச் சிறு காயம். இங்கே குற்றம் யாருடையது? சாரதியினதா, பனியினதா? சிறிதாகத் தோன்றும் இவ்வினா சட்டம் இயற்றுவோரை நெடுங்காலம் வருத்தியதொன்றாகும்.

பனிமழை மிகுந்த மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். காப்புறுதியின்றி எவரும் மோட்டார் வண்டியைப் பதிவுசெய்தல் இயலாது என்னும் சட்டம் அங்கு 1925ஆம் ஆண்டு நிறைவேறி, 1927 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்க மாநிலங்களுள் இத்தகைய சட்டம் கண்டது அதுவே முதலாவது. காயமுற்ற ஒருவருக்கு 5,000 டொலர், ஒரு விபத்துக்கு 10,000 டொலர் என்பன அது வேண்டிய காப்பின் அளவுகள். சட்டம் நோக்கியது மனிதரின் காயத்தையே. நசுங்கிய தகட்டை அன்று. தம் வண்டியைக் காக்க விரும்பியோர் அதற்கெனத் தனியே காப்புறுதி பெறவேண்டியிருந்தது.

ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சிற்று. காப்புறுதி இருந்தாலும், எதிராளியின் கவனக்குறைவை நிரூபித்தாலன்றிக் காயமுற்றவருக்கு நட்டஈடு இல்லை. வண்டி சறுக்கியது என்ற ஒன்றே கவனக்குறைவுக்குப் போதிய சான்றாகாது என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் கைக்கொண்ட கொள்கை. எனவே வேகத்தையும் இடைவெளியையும் சாட்சிகளால் நிறுவவேண்டும். காயமோ சிறிது, வழக்கோ நெடிது. செலவும் காலமும் பெறும் பணத்தை விழுங்கின.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணம் வேறுவழி கண்டது. குளிர் காலத்தில் வீதியெல்லாம் உறையும் அம்மாகாணம் 1946இல் இயற்றிய சட்டம், குற்றம் எவருடையதாயினும் காயமுற்றவருக்குக் குறித்த தொகை வழங்க ஏற்பாடு செய்தது. 1965இல் ரொபேட் கீற்றன், ஜெப்ரி ஓகொனெல் என்னும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இருவர் இத்தகைய திட்டமொன்றை விரிவாக வகுத்து வெளியிட்டனர். மாசச்சூசெற்ஸ் 1970இல் அத்திசையிற் சட்டமியற்றி, 1971 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. வைத்தியச் செலவும் இழந்த ஊதியத்தின் பெரும்பகுதியும் 2,000 டொலர்வரை காப்புறுதியாளரிடமிருந்து நேரே கிடைத்தன. குற்றவிசாரணைக்காகக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. அவ்வெல்லை பின்னர் உயர்த்தப்பட்டது.

இதற்கு விலையும் உண்டு. வைத்தியச் செலவு 500 டொலரைத் தாண்டாத சிறு காயங்களில், பட்ட வேதனைக்காக வழக்கிடும் உரிமையைப் பெரும்பாலோர் இழந்தனர். கவனமாக ஓட்டியவரும் அவ்விழப்பிற் பங்குகொண்டார். விரைந்து வரும் சிறு உதவியா, காலந்தாழ்ந்து வரும் முழு நீதியா என்ற வினாவுக்கு அம்மாநிலம் அளித்த விடை அது. காயமுற்றவரின் இடத்தில் நின்று நோக்கின், அவ்விடை எளிதில் தள்ளத்தக்கதன்று.