செம்புக் கம்பியால் தைத்த படகு

மரப்படகு கட்டுவதில் பெரும்பாடு பலகைக்கு வளைவு கொடுப்பதுதான். பிரிட்டனில் சிறு படகுகளைப் பலகைமேல் பலகை சற்றே ஏறும்படி அடுக்கிக் கட்டுவது பழைய முறை. அச்சுச் சட்டங்கள் நிறுத்தி, ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் சீவிப் பொருத்த வேண்டும். விலா மரங்களை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்துச் செம்பாணி அடிக்க வேண்டும். பட்டறையில் பல ஆண்டு பழகாத கைக்கு இது எளிதில் வராது.

இரண்டாம் உலகப் போரின்போது மர விமானங்களில் பயன்பட்ட பிளைவுட்டும் செயற்கைப் பசைகளும் போருக்குப் பின் படகுத் தொழிலுக்கு வந்தன. ஜாக் ஹோல்ட் 1947இல் சிறுவர்களுக்காக வடிவமைத்த 'கேடட்' அவ்வகைப் பிளைவுட் படகு. ஆனாலும் சட்டம் கட்டும் வேலை ஓயவில்லை.

சட்டமே இல்லாமல் பலகைகளைக் கம்பியால் தைக்கும் முறையைக் கென் லிட்டில்டைக் என்ற ஆசிரியர் துடுப்புப் படகுகளில் கையாண்டார். தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து கற்றுத்தந்த பாரி பக்னெல் அதைப் பாய்ப்படகுக்குக் கொண்டுவர, ஹோல்ட் வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் 1963இல் வெளிவந்த 'மிரர்' படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். பாகங்கள் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். உழைக்கும் குடும்பங்களுக்குப் பாய்ப்படகைக் கைக்கெட்டச் செய்த அருமையான வடிவமைப்பு இது.

பலகை ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பி கோத்து, குறடால் முறுக்கினால் தட்டைப் பலகைகள் தாமாகவே வளைந்து படகாகும். பிறகு உள் மூட்டுகளில் கண்ணாடி இழை நாடாவை ரெசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். அது இறுகியதும் வெளியே துருத்தும் கம்பியை வெட்டி, அரத்தால் ராவி, வெளிப்புறமும் நாடா ஒட்ட வேண்டும். முன்பக்கம் கூராக இல்லாமல் தட்டையாக இருப்பதால் பலகையை அங்கே கடுமையாகத் திருக வேண்டியதில்லை.

வீட்டில் கட்டுவோர் இடறிய இடங்கள் வேறு. கம்பியை ஒருபக்கம் கூடுதலாக முறுக்கிவிட்டால் படகு கோணிக்கொள்ளும். ரெசின் இறுகியபின் அதை நிமிர்த்த முடியாது. ஆகவே மூலைக்கு மூலை அளந்து பார்த்த பிறகே நாடாவைத் தொட வேண்டும். குளிர்கால கார் ஷெட்டில் ரெசின் இறுகத் தாமதமாகும். ஈர மரத்தில் ஒட்டாது. பிளைவுட்டின் வெட்டுமுனைக்கு வார்னிஷ் சரியாகப் பூசாவிட்டால் நீர் ஏறி அடுக்குகள் பிரியும்.

கட்டி முடித்த படகின் கூடு சுமார் 45 கிலோ. காரின் கூரையில் ஏற்றிச் செல்லலாம். கழற்றிய பாய்க்கம்புகளும் படகின் நீளத்துக்குள் அடங்கும். இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியுள்ளன. பிற்காலத்தில் முழுக் கண்ணாடி இழையிலும் அவை செய்யப்பட்டன.