சுரங்கம் மூடியாச்சு, பாட்டு நிக்கலை

நாட்டுப்புறப் பாட்டுன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வயல், நடவு, ஏற்றம், தாலாட்டு. அந்த வார்த்தைக்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கு, இல்லையா? இன்னைக்கு நாம் போகிற இடம் கொஞ்சம் வேற மாதிரி. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை: நியூகாசில், டரம், சண்டர்லாந்து, ஸ்டாக்டன். இங்கே ஏராளமான ஃபோக் பாட்டுகள் நிலக்கரிச் சுரங்கத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் பிறந்தவை. இன்று அந்த வேலைகள் பெரும்பாலும் இல்லை. வேலை போன பிறகு, வேலையைப் பற்றிய பாட்டு என்ன ஆகும்?

1882-ல் டரம் பகுதியில் உள்ள டிரிம்டன் கிரேஞ்ச் சுரங்கத்தில் வெடிவிபத்து. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். டாமி ஆம்ஸ்ட்ராங் என்ற சுரங்கத் தொழிலாளி உடனே ஒரு பாட்டு எழுதினார். எதுக்கு? கணவனை இழந்தவர்களுக்கும் அப்பாவை இழந்த குழந்தைகளுக்கும் பணம் திரட்ட. அந்த ஊரில் பாட்டு என்பது செய்தித்தாள், நிவாரண நிதி, ஒப்பாரி, மூன்றும்தான்.

ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்டு சேகரிக்கக் கிளம்பிய செசில் ஷார்ப் போன்றவர்கள் முக்கியமாகத் தேடியது கிராமத்து முதியவர்களை. சுரங்கப் பாட்டுகளுக்கென்று ஏ. எல். லாய்டின் தொகுப்பு வந்தது 1952-ல்தான். அதற்குப் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டரம் நிலக்கரிப் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1993-ல் மூடியது. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கு தெரியுமா? சண்டர்லாந்து கால்பந்து அணியின் மைதானம்!

பாட்டு மட்டும் எப்படித் தப்பித்தது? சிலர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கேத்ரின் டிக்கலை எடுத்துக்கோங்க. நார்தம்பிரியன் ஸ்மால்பைப்ஸ் என்ற வாத்தியத்தை ஒன்பது வயதில் கையில் எடுத்தவர். ஸ்காட்லாந்து பேக்பைப் மாதிரி இதை வாயால் ஊத வேண்டாம். கைக்கு அடியில் வைத்த துருத்தியை அமுக்கினால் காற்று வரும். குழலின் நுனி அடைத்திருக்கும். எல்லாத் துளையையும் மூடினால் குழல் மௌனம். அதனால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் முத்து முத்தாக விழும். மலைப்பகுதி ஆட்டிடையர்களான வில்லி டெய்லர், ஜோ ஹட்டன், வில் அட்கின்சன் போன்ற பெரியவர்களிடமிருந்து கேத்ரின் நேரடியாகக் கற்றுக்கொண்டார்.

1988-ல் ஃபோக்வொர்க்ஸ் என்ற அமைப்பு தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. 2001-ல் நியூகாசில் பல்கலைக்கழகம் ஃபோக் இசைக்கே ஒரு பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. திண்ணையில் நடந்த பாடம் வகுப்பறைக்கு வந்தது.

அடுத்து அன்தேங்க்ஸ். ரேச்சல், பெக்கி என்ற அக்கா தங்கையின் குழு. சொந்த ஊர் உச்சரிப்பை மாற்றாமல் பாடுவார்கள். 2008-ல் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம்பிடித்தார்கள். கப்பல் கட்டும் தளங்களைப் பற்றிய பழைய படக்காட்சிகளைத் தொகுத்த ஒரு படத்துக்கு இசையமைத்து, 2012-ல் அதையே ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். திரையில் ஓடியது ஊர்க்காரர்களின் அப்பா, தாத்தா பார்த்த வேலை.

ஸ்டாக்டன் பக்கம் யங்'அன்ஸ். டீன்ஏஜில் ஒரு பப்பின் பின்னறைக்குள் நுழைந்த நண்பர்கள், அங்கே நடந்த ஃபோக் கிளப்பில் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஊர்க்கதைகளைப் பாடுவதைக் கேட்டார்கள். அங்கேயே ஒட்டிக்கொண்டார்கள். அங்கே சின்னப் பசங்க இவங்கதான்; பெயரும் அப்படியே ஆகிவிட்டது! பின்னாளில், வேலையில்லாமல் 1934-ல் லண்டன் வரை பசி ஊர்வலத்தில் நடந்து, பிறகு ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போன ஸ்டாக்டன் பையன் ஜானி லாங்ஸ்டாஃபின் கதையை முழு ஆல்பமாக்கினார்கள். நடுநடுவே பதிவுசெய்யப்பட்ட அவருடைய குரலே கேட்கும்.

இதுதான் நான் கவனிச்ச விஷயம். இவர்கள் பழைய பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. டாமி ஆம்ஸ்ட்ராங் செய்ததையே செய்கிறார்கள்: ஊருக்கு என்ன நடந்ததோ அதைப் பாடுகிறார்கள். வேலை போனதும் ஊருக்கு நடந்ததுதானே?

கேட்க ஆரம்பிக்கணும்னா கேத்ரின் டிக்கலின் பைப்ஸிலிருந்து தொடங்குங்க. ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.