கால் வேலி நிலமும் கல்லூரிப் படிப்பும்

உத்திரமேரூர் என்றால் குடவோலை என்பர். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட விதிகளைக் காட்டிப் பெருமிதம் கொள்கிறோம். கொள்ளட்டும்! முப்பது குடும்புகள், ஓலையிலே பெயர், குடத்திலே ஓலை, அறியாச் சிறுவன் எடுத்துத் தரும் முறை, கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமின்றி அவனது நெருங்கிய உறவினருக்கும் பொறுப்பேற்கத் தடை — இவை இன்றைய ஊராட்சிகளுக்கும் உறைக்க வேண்டிய விதிகளே. ஆனால், தோழர்களே, அதே சுவரிலே இன்னொரு விதியும் உண்டு. மேடைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

வாரியத்திலே இடம்பெற வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தாலும் குற்றமில்லை, ஒரு வேதமும் ஒரு பாடியமும் விளக்கிச் சொல்லத் தெரிந்தால் போதும்! கல்விக்கு நிலத்தின் மதிப்பைத் தந்தார்கள். கல்வியே ஆட்சிக்கு வாயில் என்று உணர்ந்தார்கள். அந்தக் கல்வியை எவர் பெறலாம்? அங்கேதான் தாழ்ப்பாள்! வைரமேகத் தடாகத்திலே தூர் வாரியவன், மடை திறந்து நீர் பாய்ச்சியவன், நாற்று நட்டவள் — இவர்களுள் எவரும் அந்த ஓலையிலே பெயராக முடியாது. வேதம் கேட்கவே உரிமை மறுக்கப்பட்டவர், வேதம் விளக்குவது எங்ஙனம்?

கல்லூரிகள் இல்லாமலில்லை. முதலாம் இராசேந்திரன் நாளில் எண்ணாயிரத்திலே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், 45 வேலி நிலம்! மாணவருள் இளநிலையினர் 270 பேர். இருக்கு வேதத்துக்கு 75, யசுருக்கு 75 எனத் துறைவாரியாகத் திட்டமிட்டே பகுத்தனர். எதிர்காலத் தேவையை எண்ணாமல் இத்தனை துல்லியமாக இடம் ஒதுக்க இயலுமா? எண்ணினார்கள். கோயிலுக்கும் சபைக்கும் நாளை எத்தனை பேர் ஓதத் தேவையோ, அத்தனை பேரை எண்ணினார்கள். வயலின் தேவையை எவரும் எண்ணவில்லை.

உத்திரமேரூருக்கு அணித்தே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு வாருங்கள். வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்த கல்லூரி, விடுதி, மருத்துவமனை மூன்றையும் விவரிக்கிறது. மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய் — குறைவில்லை. வீரசோழன் எனும் ஆதுலர் சாலையிலே பதினைந்து படுக்கைகள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கத்தி பிடித்துச் சல்லியக் கிரியை செய்பவனுக்கு 30 கலம். மூலிகை கொணர இருவர், மருந்து காய்ச்ச இரு பெண்டிர். நோய் தீர்க்கும் கலை கல்லூரியின் பக்கத்திலேயே நடந்தது, கல்லூரிக்குள்ளே பாடமாகவில்லை! உள்ளே வேதமும் இலக்கணமும் ஆகமமும். உடலைத் தொட்டு உயிர் காக்கும் வேலையைக் கற்றோர், வேறெங்கோ, தலைமுறை வழியாகக் கற்றனர்.

தலைமுறை வழி! இச்சொல்லைக் கேட்டதும் 1953 நினைவுக்கு வருகிறது. பள்ளியிலே பாதிப்பொழுது, மீதிப்பொழுது அப்பன் தொழிலைக் கற்க வீட்டிலே — இராசாசி கொணர்ந்த திட்டம். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே கொதித்தது. 1954-இல் திட்டமும் போயிற்று, முதலமைச்சரும் மாறினார். அதனால்தான் ‘தொழிற்பயிற்சி’, ‘வட்டாரத் தேவை’ என்ற சொற்கள் காதில் விழுந்தால் நமக்கு ஐயம் எழுகிறது. எழவேண்டிய ஐயம்தான்.

இன்று சமுதாயக் கல்லூரி என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவின் ஜோலியட் நகரில் 1901-இல் முளைத்த எண்ணத்தின் கிளை. இங்கே 1995-இல் புதுவையிலும், 1996-இல் சென்னையிலும் தொடங்கியது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கெனத் திட்டம் வகுத்தது. பள்ளியை இடையில் விட்டவரையும் அழைத்து, அருகிலுள்ள தொழிலுக்கு ஏற்ற திறனைத் தந்து, மேற்படிப்புக்கும் வாயில் திறந்து வைப்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அந்த மேற்படிப்பு வாயில் அடைபட்டால், மிஞ்சுவது குலக்கல்வியின் புது அவதாரம். அப்பனின் தொழிலுக்குப் பதிலாக ஆலை முதலாளியின் தொழில், அவ்வளவே வேறுபாடு.

ஆலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? நம் மாவட்டமே பார்த்தது. திருப்பெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை எழுந்தது. சுற்று வட்டாரச் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் இளம்பெண்கள், பேருந்தேறிப் போனார்கள். 2014 நவம்பரில் கதவு அடைபட்டது. கைபேசிப் பலகையிலே ஒரு பாகத்தைப் பொருத்தக் கற்ற விரல், மறுநாள் எதைப் பொருத்தும்? ஒரு முதலாளியின் இன்றைய தேவையை வட்டாரத்தின் எதிர்காலத் தேவை என்று எழுதிக்கொண்டதன் விளைவு அது.

உத்திரமேரூர் வட்டத்தின் தேவை எது? ஏரி. நெல். அறுவடைக்குப் பின் உலர்த்தி, காத்து, விற்கும் அறிவு. கல்குவாரிகளில் தூசி குடிக்கும் நுரையீரலுக்குப் பாதுகாப்பு. கிணற்று நீரின் மட்டத்தை அளந்து பதிவு செய்யும் பழக்கம். காஞ்சியின் தறிக்கு வரைகணக்கும் வாணிபக் கணக்கும். இவற்றுக்குப் பாடத்திட்டம் எழுதும் குழுவில் ஆலை மேலாளர் இருக்கட்டும். ஏரிப் பாசனத்தில் மடை திறப்பவரும், தறிகாரரும், கூலிக்கு நடவு நடும் பெண்ணும் அவரோடு சமமாக அமரவேண்டும். வாரியத்துக்குக் கணக்குக் கேட்ட ஊர், கல்லூரிக்கும் கேட்கட்டும்: எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் பட்டப் படிப்புக்குப் போயினர்?

மடை திறப்பவரின் மகள் அங்கே நீரளவு கற்று, பொறியாளராகப் போகும் வழி இருக்கவேண்டும். திருமுக்கூடலிலே மருந்து காய்ச்சிய பெண்டிருக்கு அந்த வழி இல்லை. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் பெயர் கல்லிலே இருக்கிறது. அவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.