எதிரொலி யாருக்குரியது?

1958ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் மருத்துவர்களான இயன் டொனால்டும் மக்விக்காரும் பொறியியலாளர் ரொம் பிறவுணும் வயிற்றுக் கட்டிகளின் கழியொலிப் படங்களை ‘லான்செற்’ இதழில் வெளியிட்டபோது, கருவியை ஆக்கியோனும் ஆய்ந்தோனும் அருகருகே நின்றனர். பின்னர் மருத்துவப் படக்கருவிகள் பெருவணிகப் பொருளாயின. நிறுவனந்தோறும் பதிவுமுறை வேறாயிற்று. ஒன்றின் படத்தை மற்றொன்று வாசிக்கமாட்டாத அந்நிலையிலேயே, 1983இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்பொருள் உற்பத்தியாளர் சங்கமும் கூட்டுக்குழு அமைத்தன. 1985இல் முதல் நியமம் வெளிவந்தது. 1993இல் அது ‘டைகொம்’ என்னும் பெயர் பெற்றது.

எனினும் திறந்தது பாதிக் கதவே. டைகொம் பொதுவாகச் சுமப்பது திரைக்கென வடிக்கப்பட்ட படத்தை. உடலினின்று மீண்ட மூல எதிரொலியோ பெரும்பாலும் கருவிக்குள்ளேயே கைவிடப்படுகின்றது. இழையத்தின் இயல்பை அளக்க முனையும் ஆய்வாளனுக்கு வேண்டியது அதுவன்றோ! அதனை வெளிவிடும் ஆய்வுக்கருவிகள் சில உள. நோயாளர் நிறைந்த வைத்தியசாலைகளில் அவை அரிது.