மெட்டும் வாத்தியமும்: 1986 பற்றி ஒரு குறிப்பு

சினிமா இசையை விமர்சனத்துக்குரிய விஷயமாக நம் சிறு பத்திரிகைகள் அநேகமாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டபோதும் பேசப்பட்டவை பாட்டின் சொற்கள். அதைத் தாண்டினால் மெட்டு. மெட்டைச் சுற்றி எழும்பி நிற்கும் வாத்திய இசையைப் பற்றிப் பேச நம்மிடம் பாஷை இல்லை.

1986இல் வந்த ‘மெல்லத் திறந்தது கதவு’ இந்தக் குறையை அம்பலப்படுத்துகிறது. ஏவி.எம். தயாரிப்பு, ஆர். சுந்தரராஜன் இயக்கம். இசைக்கு இரண்டு பெயர்கள்: எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா. மெட்டுகள் பெரும்பாலும் முன்னவருடையவை. வாத்திய அமைப்பு பின்னவருடையது. ஒருவர் 1928இல் பிறந்தவர், மற்றவர் 1943இல். வயதில் பதினைந்தே வருஷம். இசை செய்யும் முறையிலோ ஒரு தலைமுறை. ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்து, கவிஞரோடு பேசிப் பேசி மெட்டைக் கண்டடைவது விஸ்வநாதனின் வழி. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாளில் எழுதித் தந்துவிடுவது இளையராஜாவின் வழி.

இதை வியாபார உத்தி என்று ஒதுக்குவது சரித்திரத்தை மறப்பது. ‘அன்னக்கிளி’க்கு (1976) முன் இளையராஜா ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். வெங்கடேஷோ விஸ்வநாதன்-ராமமூர்த்தியிடம் பணிபுரிந்தவர். இன்னும் பின்னே போனால், 1952இல் சி.ஆர். சுப்பராமன் இறந்தபோது அவர் பாதியில் விட்ட படங்களின் இசையை முடித்துக்கொடுத்தவர்கள் அவருடைய உதவியாளர்களான விஸ்வநாதனும் ராமமூர்த்தியும்தான். ‘தேவதாஸ்’ (1953) அவற்றில் ஒன்று. மூத்தவர் தொடங்கியதை இளையவர் முடிப்பது இந்த மரபுக்குப் புதிதல்ல. வித்தியாசம் ஒன்றே. 1952இல் மூத்தவர் இல்லை. 1986இல் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், தன் மெட்டு இன்னொருவர் கையில் உருமாறுவதைக் கேட்டுக்கொண்டு. சந்தை அவரை விட்டு நகர்ந்துவிட்டிருந்த காலம் அது. அதற்குச் சம்மதிக்க ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டியிருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய ‘வா வெண்ணிலா’வை வாத்தியம் எதுவுமின்றி முணுமுணுத்துப் பாருங்கள். அறுபதுகளின் நிதானம் அதில் இருக்கிறது. இசைத்தட்டில் கேளுங்கள், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே எண்பதுகள் நுழைந்துவிடுகின்றன. ஒன்றையொன்று விழுங்கவில்லை. இதுவே அதன் வெற்றி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவைக்கு இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார். அங்கே பாசுரம் யாருடையது, மெட்டு யாருடையது என்று தனித்தனியே சொல்ல நமக்குத் தெரிகிறது. சினிமாவுக்கு வந்தால் ‘இசை’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம்.

பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு ஆறுகளுக்கு இரண்டு அணைகள். கீழே வத்திராயிருப்புப் பக்கம் வயலில் நிற்பவன் தன் வரப்புக்கு வந்தது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று கேட்பதில்லை. அவனுக்குப் பயிர் விளைந்தால் போதும். ரசிகனும் அப்படித்தான். விமர்சகன் மலையேறிப் பார்த்தாக வேண்டும்.

அதன் பின்னும் இருவரும் ‘செந்தமிழ்ப் பாட்டு’ (1992), ‘செந்தமிழ்ச் செல்வன்’ (1994), ‘விஸ்வதுளசி’ (2004) ஆகிய படங்களில் சேர்ந்தார்கள். 2015இல் விஸ்வநாதன் காலமானார். யார் பெரியவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சேர்ந்து செய்தது என்ன என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே கிடக்கிறது.